பேர் பெற்ற பாம்பு

"அனகோண்டா" என்பது தமிழ்ச் சொல் என்று சொன்னால் நேயர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மற்றப் பாதிப் பேர், "உலகத்தில் எதைத்தான் தமிழ் என்று சொல்லாமல் விட்டீர்கள்?" என்று கேட்பார்கள். இரு கட்சியாரையும் சற்றுப் பொறுத்துக் கொள்ளும்படி வேண்டுகிறேன். இந்தத் தடவை இது நம்மவர் கட்டிய கதையன்று. இங்கிலீஷ்காரர்களே அகராதியில் எழுதி வைத்துவிட்டுப் போன சமாசாரம்.

1997-ஆம் வருஷம் அந்தப் பெயருடன் ஓர் அமெரிக்க சினிமாப் படம் வெளிவந்தது. அது நம் ஊர்க் கொட்டகைகளிலும் ஓடிற்று. அதற்குப் பிறகு கோயமுத்தூர் ஜில்லாவில் ஆறு முழத்துக்கு மேல் நீளமுள்ள எந்தப் பாம்பும் சொந்தப் பெயரை இழந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய சாரை தென்பட்டாலும் பையன்கள் "அனகோண்டா" என்று கூச்சலிடுகிறார்கள். அனகோண்டாவோ தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் பிராணி. அது கடல் கடந்து நம் ஜில்லாவுக்கு வந்ததாக எந்தச் சரித்திரமும் இல்லை. ஆனால் அதன் பெயர் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அங்கே போனது என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது.

ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞர் 1693-ல் லத்தீன் மொழியில் பிராணிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹாலந்து தேசத்து லெய்டன் நகரக் காட்சிசாலையில் வைத்திருந்த பாம்புகளின் ஜாபிதா ஒன்று அதில் இருக்கிறது. அந்த ஜாபிதாவில், இலங்கைவாசிகள் "அனகண்டையா" என்று அழைக்கும் பாம்பு ஒன்று வருகிறது. எருமைகளையும் நுகத்தடி மாடுகளையும் உடம்பு நொறுங்கும்படி நெரிப்பது என்று அதற்கு விளக்கமும் கொடுத்திருக்கிறது. பிறகு 1768-ல் ஸ்காட்லாந்து தேசத்துப் பத்திரிகை ஒன்றில், இலங்கைக் காட்டில் அனகோண்டா ஒரு புலியைச் சுற்றி நெரித்துக் கொன்று விழுங்கிய காட்சியைக் கண்ணால் கண்டதாக ஒருவர் எழுதினார். படித்தவர்கள் மயிர்க்கூச்செறிந்திருப்பார்கள். இலங்கையில் சிறுத்தை உண்டு. புலி கிடையாது என்பதை ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

1886-ல் யூல், பர்னல் என்ற இரண்டு துரைமார்கள் "ஹாப்ஸன்-ஜாப்ஸன்" என்னும் வேடிக்கையான பெயருடன் ஒரு பெரிய அகராதியைக் கொண்டு வந்தார்கள். இந்திய பாஷைகளிலிருந்து இங்கிலீஷில் புகுந்த சொற்களுக்கெல்லாம் அதில் ஜாதகம் கணித்திருக்கிறார்கள். "அனகோண்டா"வின் தாய்வீடு தமிழாக இருக்கலாம் என்பது அவர்கள் கட்சி. ஆனையைக் கொன்றது எதுவோ அது ஆனைகொன்றான். அதுவே ஐரோப்பியர் நாக்கில் உருண்டு அனகோண்டா ஆயிற்று. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. சிங்கள மொழியில் "ஹெனகந்தயா" என்று ஒரு பாம்புக்குப் பெயர். "ஹென" என்றால் இடி மின்னல், "கந்த" என்றால் தண்டு. அது சாட்டை போல் மெலிந்த ஒரு பச்சைப் பாம்பு. அதன் பெயரைத்தான் யாரோ தவறுதலாகப் பெரிய பாம்பின் சீட்டில் ஒட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

தமிழன் என்ற முறையில் நான் எந்தக் கட்சியில் சேர வேண்டும் என்பது நேயர்களுக்குத் தெரியும். ஆனாலும் சிங்களக் கட்சியின் வாதத்திலும் பசை இருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். காட்சிசாலையில் சீட்டு மாறி ஒட்டுவது அதிசயமில்லை. நம் கட்சிக்கு ஒரே ஒரு சாக்ஷியை மட்டும் கூப்பிடுகிறேன். நற்றிணையில் ஒரு பாட்டு, மழை பெய்யும் இருட்டில் மலை வழியில் வரும் காதலனுக்கு நேரக்கூடிய அபாயங்களைச் சொல்கிறது. களிற்றைப் பற்றிக்கொண்ட பெரும் பாம்பு ஒன்று, வைரம் பாய்ந்த மரத்தோடு அதைச் சேர்த்துப் பிணித்துப் புரட்டுகிறதாம். லெய்டன் நகரத்துக் காட்சிசாலைக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழன் மனத்தில் ஆனையும் பாம்பும் கட்டிப் புரண்டிருக்கின்றன. சொல் எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் கற்பனை நம்முடையதுதான்.

அந்தப் பெயர் தென் அமெரிக்காவுக்குப் போனது அதற்குப் பின்னால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான தோதன் என்ற இயற்கைநூல் ஆசிரியர், அமெரிக்கப் பெரும் பாம்புக்கு அனகோண்டா என்ற பெயரைச் சூட்டிவிட்டார். உடையவன் இங்கே இருக்க, பட்டா வேறொருவன் பேருக்கு மாறிப் போயிற்று.

நம்முடைய பாம்புக்குப் பெயர் மலைப்பாம்பு. "மாசுணம்" என்பது பழைய நூல்களின் வழக்கு. பத்துப்பாட்டில் கடைசியான மலைபடுகடாம், நன்னனுடைய மலைக்குப் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. விழுந்து கிடக்கும் மரம் போல மாசுணம் கிடக்கும், பார்த்து விலகிப் போங்கள் என்று அதில் எச்சரிக்கை வருகிறது. அடித்துவிட்டுப் போங்கள் என்று புலவர் சொல்லவில்லை. ஈழத்துத் தமிழர் "வெங்கிணாந்தி" என்பார்கள். வாளையாற்றுக் கணவாயைத் தாண்டி மலையாள தேசத்துக்குள் போனால் அது "பெரும்பாம்பு" ஆகிவிடுகிறது. திம்பம் மலை ஏறி மைசூர்ப் பக்கம் போனால் "ஹெப்பாவு". அதற்கும் பெரும்பாம்பு என்றுதான் பொருள். தெலுங்கர் மலையை விடாமல் "கொண்டசிலுவ" என்கிறார்கள்.

வடமொழிப் பெயர்தான் இவற்றுள் மிகவும் கண்ணியமானது என்பது என் அபிப்பிராயம். "அஜகரம்" என்றால் ஆட்டை விழுங்குவது. யானையுமில்லை, புலியுமில்லை, எருமையுமில்லை, ஆடு. உள்ளதை உள்ளபடி சொல்லும் பெயர். இதை எழுதும்போது எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி ஞாபகத்துக்கு வருகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மகாபாரதத்தில் வன பர்வத்தினுள்ளே "அஜகர பர்வம்" என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்திர பதவி பெற்று மமதை கொண்ட நகுஷ மகாராஜன், ரிஷிகளைப் பல்லக்குத் தூக்கச் செய்து, அகஸ்தியரின் சாபத்தால் மலைப்பாம்பாய்ப் பூமியில் விழுந்து கிடக்கிறான். வனவாச காலத்தில் பீமசேனன் அதன் பிடியில் அகப்படுகிறான். பீமனுக்குப் பதினாயிரம் யானை பலம் என்பார்கள். அவனே திமிற முடியாமல் கிடந்தான் என்றால், ஆனைகொன்றான் என்ற பட்டத்துக்கு இது ஒரு சிபாரிசுதான்! தருமபுத்திரர் வந்து பாம்பின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறார். பிராமணன் யார் என்ற கேள்விக்கு, பிறப்பினால் அல்ல, சத்தியம், தயை முதலிய ஒழுக்கத்தினால்தான் என்று அவர் கொடுக்கும் விடையை இன்றைக்கும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பாகவதத்திலோ இந்தப் பிராணி இன்னும் ஒரு படி உயர்ந்து குரு ஸ்தானத்துக்கே வந்துவிடுகிறது. அவதூதர் தாம் பாடம் கற்ற இருபத்து நான்கு குருமார்களில் மலைப்பாம்பையும் ஒருவராகச் சொல்கிறார். தேடி அலையாமல், வந்ததை உண்டு, வராவிட்டால் பட்டினி கிடப்பது அதனிடம் அவர் கற்ற பாடம். விஞ்ஞானிகளும் இதை மறுக்கவில்லை. ஒரு தடவை வயிறு நிறைந்தால் மலைப்பாம்பு மாதக் கணக்கில் ஆகாரமில்லாமல் இருக்கவல்லது.

மேல்நாட்டாரின் "பைத்தான்" என்ற பெயர் கிரேக்கர்களுடையது. டெல்பி என்னும் ஸ்தலத்தைக் காவல் காத்த பாம்பு அது. அப்பல்லோ தேவன் அதை அம்பெய்து கொன்று அந்த ஸ்தலத்தைத் தனதாக்கிக் கொண்டான். கொன்ற உடல் அங்கே அழுகிற்று. அழுகுதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது என்று பழைய கிரேக்கக் கதை சொல்கிறது. "போவா" என்ற பெயரோ லத்தீனில் மாட்டைக் குறிக்கும் சொல்லோடு சம்பந்தப்பட்டது. அந்தப் பாம்பு பசுவின் மடியில் பால் குடிக்கும் என்று ரோமாபுரியில் நம்பினார்களாம். சாரைப்பாம்பைப் பற்றி நம் காங்கேயம் பக்கத்தில் சொல்லும் கதையும் இதேதான். மாடு வளர்க்கும் ஜனங்கள் எந்தக் கண்டத்தில் இருந்தாலும், பால் குறைந்தால் பழியைப் பாம்பின் மேல் போடுவார்கள் போலிருக்கிறது.

நம் வீடுகளில் இப்போது வழங்கும் பைத்தான் வேறு. கோயமுத்தூரில் எஞ்சினீயரிங் கல்லூரிக்குப் போகும் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, "நான் பைத்தான் கத்துக்கறேன்" என்று சொன்னாள். அருகில் உட்கார்ந்திருந்த என் தாயார், "ஏனம்மிணி, பாம்பு புடிக்கறதுக்கா இத்தன பணங்கட்டிக் காலேசுக்கு அனுப்பியிருக்குது?" என்று கேட்டாள். அது கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் பாஷை என்றும், ஹாலந்து தேசத்து கைடோ வான் ராஸம் என்பவர் 1991-ல் வெளியிட்டது என்றும் அவள் விளக்கினாள். அந்தப் பெயரும் பாம்பைக் குறித்து வைத்ததன்று; இங்கிலாந்தில் டெலிவிஷனில் நடந்த ஓர் ஹாஸ்ய நாடகத்தின் பெயரிலிருந்து எடுத்ததாம். என் தாயாருக்குத் திருப்தியில்லை. "பாம்பே இல்லாததுக்குப் பாம்புப் பேரு எதுக்கு?" என்றாள். எனக்கு இதுவரையில் பதில் அகப்படவில்லை.

பெயரைப் பற்றி இவ்வளவு தூரம் நான் யோசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் வேடிக்கையன்று. ஒரு வாயில்லா ஜீவனுடைய உயிர், அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்ற ஒரே விஷயத்தில் ஊசலாடியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

வெள்ளியங்கிரி மலையின் அடியில் போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. நொய்யலாறு உற்பத்தியாகும் இடம். என் தங்கை வீட்டாருக்கு அங்கே பாக்கும் வாழையுமாய்ச் சிறிது பூமி உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில் நான் அங்கே சாளையில் இருந்தேன். வாய்க்கால் பக்கமிருந்து "அனகோண்டா! அனகோண்டா!" என்ற கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தபோது பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் கையில் தடி. பாதிப் பேர் கையில் செல்போன். ஒருவன் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றான். வாழைச் சருகின் மேல் ஒரு மலைப்பாம்பு கிடந்தது. வயிற்றுப் பாகம் ஒரு குடம் அளவுக்குப் புடைத்திருந்தது. ஓட முடியாமல், தலையை உடற்சுருளுக்குள் இழுத்துக்கொண்டு, காற்றுப் போகும் துருத்தி போலச் சீறிக்கொண்டிருந்தது.

தோட்டத்து வேலைக்கு வரும் ஓர் அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அவளிடம் நாலு வெள்ளாடு. காலையில் அவற்றை வாய்க்கால் மேட்டில் கட்டியிருந்தாள். குட்டி ஒன்றைக் காணவில்லை. அது எங்கே போயிற்று என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் எதிரிலேயே புடைத்துக்கொண்டு கிடந்தது. "அடிச்சுப் போடுங்க!" என்றாள் அவள். "இன்னிக்குக் குட்டி, நாளைக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போவும்."

"ஆமாங்கக்கா, இது ஆளையே முழுங்கும். படத்துல பாத்ததில்லீங்களா?" என்றான் மண்வெட்டிக்காரன்.

அப்போது என் தங்கையின் மாமனார் வந்து சேர்ந்தார். எண்பது வயதுக்கு மேல் ஆனவர். பையன்களுக்கெல்லாம் அவர் அப்பாரு.

"அனகோண்டானு சொன்னவன் எவண்டா?" என்றார்.

"நாந்தானுங்க அப்பாரு. எவ்வளவு நீளம் பாருங்க."

"இது மலைப்பாம்பு. பேருலயே ஊரு இருக்குதல்ல? மலையிலிருந்து தண்ணியோட வந்துச்சு, மலைக்குப் போயிரும். எளுவது வருசமா இந்தத் தோட்டத்துல கெடக்கறன். எத்தன பேர முழுங்கியிருக்குது, சொல்லு பாக்கலாம்?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்வெட்டி கொஞ்சம் தாழ்ந்தது. இத்தனைக்கும் பெரியவர் புதிதாக ஒரு நியாயமும் சொல்லவில்லை. பெயரை மாற்றினார், அவ்வளவுதான். சினிமாவிலிருந்து வந்த ராக்ஷஸன் போய், ஊர் பேருள்ள ஒரு பிராணி அங்கே கிடப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆனால் பின்னாலிருந்த எவனோ அதற்குள் ஒரு கல்லை எறிந்துவிட்டான். வயிற்றில் ஆகாரத்துடன் இருக்கும் மலைப்பாம்பை உபத்திரவம் செய்தால், தப்பி ஓடுவதற்காக விழுங்கியதைக் கக்கிவிடும். இதுவும் அப்படியே செய்தது. வாய் பிளந்து, உடம்பு அலை அலையாய் நெளிந்து, முதலில் பின்னங்கால்களும் கடைசியில் தலையுமாக அந்தக் குட்டி வெளியே வந்து விழுந்தது. நனைந்து, நீண்டு, உருட்டிய பழந்துணி போல இருந்தது. கூட்டம் சத்தமில்லாமல் நின்றது. ஒருவனும் செல்போனைத் தூக்கவில்லை.

அந்த அம்மாள் அழவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் குட்டியின் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் மாப்பிள்ளையைப் பார்த்து, "கொன்னாலும் குட்டி வராதுங்க, உட்டாலும் வராதுங்க. என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வன இலாகா ஆட்கள் வந்து பாம்பைச் சாக்கில் போட்டு எடுத்துச் சென்றார்கள். தலையையும் உடலையும் தாங்க மூன்று பேர் வேண்டியிருந்தது. இரையையும் இழந்து, அடிபட்ட உடம்போடு காட்டுக்குப் போன அது பிழைத்ததா என்பது யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை தம்முடைய பட்டியிலிருந்து ஒரு குட்டியைக் கொடுத்தனுப்பினார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டாள். "இது அது இல்லீங்களே" என்று மட்டும் சொன்னாளாம்.

பட்டணத்தில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பிராணி ரக்ஷணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வார்த்தையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். மலைப்பாம்பை அடிப்பதும் பிடிப்பதும் 1972-ஆம் வருஷத்து வனஜீவி பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புலிக்கும் யானைக்கும் உள்ள முதல் அட்டவணையிலேயே அதையும் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் சரியானதே. ஆனால் அந்தச் சட்டத்தின் செலவை நாலே ஆடுள்ளவள் மட்டும் கொடுப்பது நியாயமாகாது. அன்று மாப்பிள்ளை செய்தது தர்மமல்ல, பங்கு என்றே நான் நினைக்கிறேன்.

மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. பின்னோக்கி வளைந்த பற்களால் கவ்விப் பிடித்து, உடலால் சுற்றி இறுக்குகிறது. மூச்சு முட்டித்தான் இரை சாகிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். தென் அமெரிக்கப் போவா ஒன்றை வைத்து 2015-ல் வெளியான பரிசோதனை வேறுவிதமாகக் காட்டுகிறது. இறுக்கத்தில் ரத்த ஓட்டமே நின்று, சில விநாடிகளில் இருதயம் செயலற்றுப் போய்விடுகிறது. உதட்டின் ஓரத்தில் வரிசையாய்ச் சிறு குழிகள் இருக்கின்றன. வெப்ப ரத்தமுள்ள பிராணி இருட்டில் வந்தாலும் அந்தக் குழிகள் சூட்டை உணர்ந்து கொள்ளும். கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் எலும்பாய் ஒட்டாமல் நெகிழும் தசைநாரால் சேர்ந்திருப்பதால், தலையைவிடப் பெரிய இரையும் உள்ளே போகிறது. வால் பக்கத்தில் நகம் போல் இரண்டு சிறு முட்கள் உண்டு. அதன் மூதாதைகளுக்குக் கால் இருந்ததற்கு அவை அடையாளம்.

தாய்ப் பாம்பின் காரியம்தான் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்துகிறது. பாம்பு முட்டையிட்டால் விட்டுவிட்டுப் போய்விடும் என்பது பொதுவான எண்ணம். மலைப்பாம்பு போகாது. முட்டைகளைச் சுற்றிக் கோபுரம் போல் சுருண்டு, சுமார் இரண்டு மாதம் அப்படியே கிடக்கும். குளிர் அடித்தால் தசைகளைத் துடிக்கச் செய்து தன் உடம்பைச் சூடாக்கி முட்டைகளுக்குக் கொடுக்கும். சொந்தச் சூடு இல்லாத ஜாதியில் பிறந்து, பிள்ளைகளுக்காகச் சூட்டை உண்டாக்கும் தாய் அது. ஆனைகொன்றான் என்று பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்களோ என்னவோ.

பெயரை மாற்றிச் சொல்வதில் இன்னோர் அபாயமும் உண்டு. இது குழந்தைகள் உள்ள வீட்டார் கவனிக்க வேண்டிய விஷயம். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற வைத்தியர் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ல் படங்களுடன் ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். தெலுங்கர் சொன்ன பெயர்களையே அதில் எழுதியிருக்கிறார். மலைப்பாம்பு "பெத்த பொட". கண்ணாடி விரியன் "கட்டுக ரேகுல பொட". பொட என்றால் புள்ளி. விஷமே இல்லாததும், கடித்தால் ரத்தத்தையே கெடுத்துக் கொல்லுவதும் ஒரே குடும்பப் பெயரில் வாழ்ந்திருக்கின்றன! நம் தோட்டங்களிலும் இந்த மயக்கம் இருக்கிறது. மலைப்பாம்புக் குட்டியை விரியன் என்று அடித்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று தொடப் போகிறார்கள். விரியனின் முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசை வட்டங்கள் ஒழுங்காய் இருக்கும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இராது, கிழிந்த தேசப்படம் போல இருக்கும். இந்த அடையாளத்தை ஏட்டில் படித்துவிட்டு யாரும் பரீக்ஷை பார்க்க வேண்டாம். கடி பட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் போக வேண்டாம்.

இந்தப் பிராணியைப் பற்றி நம்மவருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சமாசாரம். அமெரிக்காவில் ப்ளாரிடா மாகாணத்துச் சதுப்பு நிலத்தில், செல்லப் பிராணிகளாய்க் கொண்டு வந்து விட்டுவிட்ட பர்மா தேசத்து மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள ஜீவராசிகளையெல்லாம் தின்று தீர்க்கத் தொடங்கின. யந்திரங்களும் வேட்டைக்காரர்களும் திணறிய பிறகு, 2017-ல் அங்குள்ள வனஜீவி இலாகாவும் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டு இருளர் இருவரை வரவழைத்தார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்பவர்கள். வந்து சில நாட்களுக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தார்கள். பழைய ஏவுகணைத் தளம் ஒன்றின் இடிபாட்டுக்குள்ளிருந்து பதினாறு அடி நீளமுள்ள ஒரு பெண் பாம்பும் அதில் அடக்கம். புல் சாய்ந்த விதத்தையும் தடத்தையும் பார்த்தே அவர்கள் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பெயர் ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனதற்கு இருநூறு வருஷத்துக்குப் பின், அறிவும் போயிருக்கிறது.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் மலைப்பாம்புகளின் உடலுக்குள் சிறு ரேடியோக் கருவியை வைத்து, அவை எங்கே போகின்றன, எங்கே ஒதுங்குகின்றன என்று இந்திய வனஜீவி நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அதன் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. மோயாற்றுப் பள்ளத்தாக்கின் வெயிலில் அந்தக் கருவியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு புதர் புதராய் நடந்த இளைஞர்களின் பொறுமைக்கு மலைப்பாம்பே வணக்கம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, உறவு முறை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அனகோண்டா, போவா வர்க்கத்தைச் சேர்ந்தது; நம் மலைப்பாம்பு பைத்தான் வர்க்கம். மலைப்பாம்பு முட்டையிடும், அனகோண்டா குட்டி போடும். ஆகையால் நம் நாட்டில் அனகோண்டாவுக்கு நெருங்கிய பந்து மலைப்பாம்பு அல்ல. அது பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கத்துச் செம்மண்ணில் எலி வளைக்குள் கிடக்கும் மண்ணுளிப் பாம்புதான்! மூன்றடி நீளம், மழுங்கிய வால், யாரையும் கடிக்க மனம் வராத சாது. இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியாரின் பெயர் இருக்கிறது. ஊரார் வைத்த பெயர் இருதலை மணியன். வாலும் தலை போலவே இருப்பதால் வந்த வினை. ஆறு மாதம் ஒரு தலையாலும் ஆறு மாதம் மற்றொரு தலையாலும் நடக்கும் என்று ஒரு கட்டுக்கதை. நக்கினால் குஷ்டம் வரும் என்று இன்னொன்று. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இதை வைத்திருந்தால் ஐசுவரியம் வரும், எடை ஏற ஏற விலை லட்சக் கணக்கில் ஏறும் என்று சொல்லி மோசக்காரர்கள் ஊர் ஊராய்ப் பணம் பறிக்கிறார்கள். போலீஸார் அவர்களை அடிக்கடி பிடிக்கவும் செய்கிறார்கள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் சிநேகிதர் ஒருவருடைய தோட்டத்துக்கு அப்படி ஓர் ஆசாமி போன மாசியில் வந்திருந்தார். வெள்ளை வேஷ்டி, கையில் ஒரு சிறு தராசு. மெல்லிய குரலில், "தோட்டத்துல இருதலை ஏதாச்சும் அகப்படுங்களா?" என்று விசாரித்தார்.

"எங்க பூமியில இருக்கறதுக்கெல்லாம் ஒரே தலைதானுங்க" என்றார் சிநேகிதர்.

ஆசாமி தராசை மடித்துக்கொண்டு அடுத்த சாளைக்குப் போனார்.